நிஜம் என்று மூன்று முறை

ஜூலை 6, சனி

முதல் வகுப்பு. தேசியப் பாதுகாப்பு நிர்வாகம், முதுகலை, வார இறுதிப் பிரிவு. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. முழங்கால் மேஜையின் அடிப்பக்கத்தில் இடிக்கிறது.

தாம்பரம் தாண்டிப் பேருந்தில் ஒரு மணி நேரம். வளாகம் முழுக்கப் புதிதாக நட்ட வேப்பங்கன்றுகள். நிழல் தருவதற்குள் நாங்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிடுவோம். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல் வேலையில் இருப்பவர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவள் தாஜுன்னிஸா, விமான நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவு. பின்னால் சுங்கத்துறை மெய்யழகன். உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

“அக்கா, நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?” என்றாள் தாஜ்.

“போலீஸ் வயர்லெஸ். எஸ்.ஐ. இப்போ உதிரிபாகக் கிடங்குல இருக்கேன்.”

“இந்த வயசுல படிக்கறதுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“பிரமோஷனுக்கு.”

நெருக்கடி மேலாண்மைத் தாளை ஓய்வு பெற்ற டி.ஐ.ஜி. வேதபூஷணம் எடுக்கிறார். அடுத்த வாரம் வருவாராம். கால அட்டவணையில் பெயரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. விண்ணப்பம் போடும்போதே பார்த்ததுதான்.

திரும்பும் வழியில் இட்லி அரிசி, உளுந்து, துணி சோப்பு.

ஜூலை 13, சனி

வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, தொப்பை வைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் குரலை ஹெட்ஃபோனில் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் எங்கள் மாவட்டத்துக்கு எஸ்.பி. நான் அவருடைய கட்டுப்பாட்டு அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு காது. எங்கள் எல்லோரையும் ‘ஆபரேட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். பெயர் கேட்டதே இல்லை.

வருகைப் பதிவு எடுத்தார். “பிலோமினா.” “எஸ் சார்.” மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நல்லது. அப்படியே இருக்கட்டும்.

நன்றாகப் பாடம் நடத்துகிறார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

என் புருஷன் ஜஸ்டினுக்குத் துறைமுகத்தில் இன்று பகல் ஷிஃப்ட் இல்லை. மீன் வாங்கி வந்து சுத்தம் செய்துகொண்டே கேலி.

“என்னட்டி, படிச்சு முடிச்சு நாட்டைக் காப்பாத்தப் போறியா? மொதல்ல நம்ம குழாய்த் தண்ணியக் காப்பாத்து. மூணு நாளா ஒழுகுது.”

பாடப்புத்தகத்தின் உள்ளே இருந்த கால அட்டவணையை எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு போய்விட்டது.

“அந்த ஆளு இருக்கற எடம்னு தெரிஞ்சுதான் சேந்தியா?”

குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைக்கப் போனேன்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று ஒத்திகைகளைப் பற்றிய பாடம். இந்தப் படிப்பின் உயிரே இதுதான் என்றார். ஒவ்வொரு அரையாண்டு முடிவிலும் ஒரு நாள் முழுக்கப் பொய்யான ஒரு நெருக்கடியை நடத்துவோம். ஒருவர் கலெக்டர், ஒருவர் எஸ்.பி., ஒருவர் கடலோரக் காவல். பக்கத்து அறையில் இருக்கும் ‘கன்ட்ரோல்’ குழு வயர்லெஸ்ஸில் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கூடத்தில் இருப்பவர்கள் அதற்கேற்ப முடிவெடுக்க வேண்டும். எல்லாச் செய்தியும் ‘ஒத்திகை’ என்று தொடங்க வேண்டும், ‘ஒத்திகை’ என்று முடிய வேண்டும். இல்லையென்றால் வெளியே யாராவது கேட்டு, ஊரே கலவரமாகிவிடும்.

“நடுவில் உண்மையாகவே ஒரு ஆபத்து வந்தால்?” என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். “‘நிஜம்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்ட நொடியில் ஒத்திகை நின்றுவிட வேண்டும். யார் சொன்னது, ஏன் சொன்னது என்ற கேள்வி பிறகு. இந்த ஒரு வார்த்தையை வைத்து யாரும் விளையாடக் கூடாது. விளையாடினால் படிப்பு அன்றோடு முடிந்தது.”

இன்னொரு வழக்கமும் சொன்னார். ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தவறுகளைப் பேச வேண்டும். பதவியில் கீழே இருப்பவர் முதலில். மேலே இருப்பவர் கடைசியில். தன் முறை வரும்வரை பெரியவர் வாய் திறக்கக் கூடாது.

“வீட்லயும் இந்த ரூல் வந்தா நல்லா இருக்கும் சார். என் முறை இன்னும் வரவே இல்ல” என்றான் மெய்யழகன்.

எல்லாவற்றையும் தெளிவாகக் குறித்துக்கொண்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தாஜ் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, சனி

எதிர்பார்த்தேன். ஆனாலும் திரையில் அந்தக் கடற்கரையின் வரைபடம் வந்தபோது நோட்டை ஒரு தடவை மூடித் திறந்தேன்.

ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே. கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை. ‘எதிரணி’யாக நடிக்கும் வீரர்கள் மீன்பிடிப் படகில் மாறுவேடத்தில் கரை ஏற முயல்வார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் போலீசின் வேலை. பகல் பொழுதில் ஒரு மீன்பிடிப் படகிலிருந்து அழைப்பு வருகிறது. படகு கவிழ்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். எதிரணியின் தந்திரம் என்று நினைத்து மீட்புப் படகை அனுப்பவில்லை. ஒத்திகை முடிந்த பிறகுதான் தெரிகிறது. இரண்டு மீனவர்கள் இறந்துவிட்டார்கள்.

“எங்கே தவறு?” என்று கேட்டுவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி. ‘ஆபரேட்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.’

“ஒரே ஒரு வார்த்தை. இரண்டு உயிர்” என்றார். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டது. நானும் எழுதினேன்.

“சார், அந்த ஆபரேட்டருக்கு என்ன ஆச்சு?” என்றான் மெய்யழகன்.

“சின்ன தண்டனைதான். பெண் என்பதால் விட்டுவிட்டார்கள்.”

“ஏன்க்கா எழுதினதை அடிச்சிட்டீங்க?” என்று தாஜ் மெதுவாகக் கேட்டாள்.

“தப்பா எழுதிட்டேன்.”

நான் சொன்னேன். இன்டர்காமில் மூன்று முறை சொன்னேன். பிறகு எழுந்து கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். “எதிரணிக்காரன் நல்லாவே நடிக்கிறான். ஆபரேட்டர், பதில் குடுக்காதே” என்றார். விசாரணையில் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் ‘கேட்கவில்லை’ என்றார்கள். எஸ்.பி. கேட்காததை அவர்கள் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

இன்று தெரிந்துகொண்டது இது. அவர் அதை மறைத்து வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் எடுத்துக் காட்டுகிறார். அதை வைத்துச் சாப்பிடுகிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கட்டுரைத் தலைப்பு கேட்கும் சாக்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். வளாகத்துக்குள்ளேயே ஆசிரியர் குடியிருப்பில் முதல் வீடு. அவர் எப்படி இருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். அவருடைய மனைவி கனகவல்லி அம்மா என்னை நேராகச் சமையலறைக்கே கூட்டிப் போய்விட்டார். அறுபத்தைந்து வயது, சர்க்கரை நோய், ஒரு நிமிஷம் கூட உட்காராத உடம்பு. ரவா உப்புமா கொடுத்தார். முந்திரி எல்லாவற்றையும் என் தட்டிலேயே தள்ளினார்.

“உங்க சாரு கிளாஸ்லதாம்மா சிங்கம். வீட்ல எதுக்கும் எந்திரிக்க மாட்டாரு. போன மாசம் எனக்குத் தலை சுத்தி இந்த இடத்துலயே உக்காந்துட்டேன். கூப்பிடுறேன், கூப்பிடுறேன், பேப்பரை அழகா மடிச்சு வெச்சிட்டுதான் வர்றாரு. ‘நீ எப்பவும் இப்படித்தானே சொல்லுவ’ன்னு ஒரு பேச்சு வேற.”

“கேக்குது” என்றார் கூடத்திலிருந்து.

“கேக்கட்டும்னுதான் சொல்றேன்.”

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஊரில் தம்பி கிளமெண்டுக்கு நினைவுத் திருப்பலி. விடுப்பு கிடைக்கவில்லை. அவன் மனைவி ஜெனோவா போனில் பேசினாள்.

“மைனி, எல்லாம் நல்லா முடிஞ்சது. பெரியவன் முன்னாடி நின்னு வாசகம் வாசிச்சான். அவங்க அப்பா குரலு அப்படியே இருக்கு.”

தம்பி குரல் எனக்கு இரண்டு விதமாக ஞாபகம் இருக்கிறது. ஒன்று வீட்டில் கேட்டது. இன்னொன்று ஹெட்ஃபோனில். “கன்ட்ரோல், கன்ட்ரோல், தண்ணி ஏறுது” என்று கத்திக்கொண்டிருந்தவன், நான் பதில் சொன்னதும் ஒரு கணம் நின்று, “அக்கா, நீயா?” என்றான். நிம்மதியாகச் சொன்னான். அக்கா இருக்கிறாள், இனிமேல் படகு வந்துவிடும் என்ற நிம்மதி.

இதை ஜெனோவாவிடம் சொன்னது கிடையாது. விசாரணையில் சொன்னேன். “உடன்பிறந்தவர் என்பதால் உணர்ச்சிவசப்பட்டு நடைமுறையைத் தவறவிட்டார்” என்று முடிவு எழுதினார்கள்.

கிடங்கில் இன்று பழைய பேட்டரிகளைப் பிரித்து அடுக்கினோம். கை முழுக்கக் கருப்பு. எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கிறது.

அக்டோபர் 5, சனி

அரையாண்டு ஒத்திகைக்குப் பொறுப்புகள் கொடுத்தார். முதல் ஒத்திகையில் எஸ்.பி. நாற்காலியில் ஆசிரியரே உட்காருவாராம். மாணவர்கள் அவரைத் திணறடிக்கப் பார்க்க வேண்டும். இது இந்தத் துறையின் வழக்கம். இதுவரை யாரும் அவரைத் திணறடித்ததில்லையாம்.

கன்ட்ரோல் குழுவுக்குத் தலைமை யார் என்று கேட்டார். வயர்லெஸ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பே கை காட்டியது.

“பிலோமினா, என்னைத் தூங்க விடாத மாதிரி செய்திகள் எழுதுங்கள்” என்றார்.

“முயற்சி செய்கிறேன் சார்.”

நவம்பர் 9, சனி

குழுவோடு உட்கார்ந்து செய்திகளை எழுதி முடித்தோம். துறைமுகத்தில் வெடிபொருள் வதந்தி, மருத்துவமனையில் கூட்ட நெரிசல், பொய்யான காணொளி, மின்தடை. பிள்ளைகள் உற்சாகமாக இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. நாலு மாதமாக அவரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்தை அல்ல.

ஒரு செய்தி மட்டும் எழுதப்படவில்லை. அது வாயால் சொல்ல வேண்டியது.

நவம்பர் 16, சனி

கேன்டீனில் தாஜிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆபரேட்டர் நான்தான் என்றேன், இறந்த இருவரில் ஒருவன் என் தம்பி என்றேன். அவளுடைய டீ ஆறிப் போயிற்று.

“ரிவ்யூல கேளுங்கக்கா. கீழ இருந்து மேலன்னு அவர் போட்ட ரூல்தானே? உங்க முறை முடியற வரைக்கும் அவர் வாயைத் திறக்க முடியாது. எல்லார் முன்னாடியும் கேளுங்க. நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“கேட்டா இல்லைன்னு சொல்லுவாரு.”

“சொல்லட்டும்.”

“பதினாலு வருஷமா அதைத்தானே சொல்றாரு. வாயால சொல்றது எனக்கு வேண்டாம் தாஜ். அவரே செஞ்சு காட்டணும்.”

டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். புரிந்துவிட்டது. கெட்டிக்காரி.

“அக்கா, வேண்டாம். ஏர்போர்ட்ல ஒருத்தன் பையில பாம் இருக்குன்னு ஜோக் அடிச்சா என்ன பண்ணுவோம் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் உள்ள தூக்கி வெப்போம். அவன் கெட்டவன்னு இல்ல. அடுத்த தடவை நெசமாவே ஒருத்தன் சொல்லும்போது நாங்க சிரிச்சிடக் கூடாதுன்னு.”

“அந்த வார்த்தை எனக்கு என்ன செஞ்சுது தாஜ்? நான் ஏன் அதைக் காப்பாத்தணும்?”

எழுந்து போய்விட்டாள். பேருந்தில் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

நவம்பர் 22, வெள்ளி

புடவைக்கு இஸ்திரி போட்டேன். நீலப் புடவை. மனம் மிகத் தெளிவாக இருக்கிறது.

நவம்பர் 23, சனி

வரிசையாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப் போகாமல்.

காலை பத்துக்கு ஒத்திகை தொடங்கியது. கன்ட்ரோல் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல். இந்தத் தடவையும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவர் எஸ்.பி. நாற்காலியில். துறைமுக வதந்தியை இரண்டு வாக்கியத்தில் தீர்த்தார். காணொளியைப் பார்த்துச் சிரித்தார். மெய்யழகன் கலெக்டராக இருந்து ஏதேதோ உளற, “கலெக்டர் அவர்களே, நீங்கள் போய் ஒரு காபி சாப்பிட்டு வாருங்கள், ஊரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். கூடம் சிரித்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

குழுப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பினேன். மைக்கை எடுத்தேன்.

“நிஜம், நிஜம், நிஜம். ஆசிரியர் குடியிருப்பு, முதல் வீடு. கனகவல்லி அம்மா சமையலறையில் விழுந்து கிடக்கிறார். பேச்சு மூச்சில்லை.”

சிரித்தால் கூடம் முழுக்கப் பார்த்திருக்கும், அந்த வார்த்தையைக் கேட்டு இவர் என்ன செய்வார் என்று. ஓடினாலும் பார்த்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் வெற்றி.

அவர் சிரிக்கவில்லை. “ஒத்திகை நிறுத்தம்” என்றார். “மெய்யழகன், ஆம்புலன்ஸ். தாஜுன்னிஸா, கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சேனலில் யாரும் பேசாதீர்கள்.” எல்லாம் ஒரே மூச்சில். எல்லாம் சரி. புத்தகத்தில் உள்ளபடி. எதிரணியா என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்கவில்லை. பிறகு ஓடினார். வாசற்படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் ஓடியதைக் கண்ணாடி வழியாகக் கடைசி வரைக்கும் பார்த்தேன். இனித்ததா என்றால், இனித்தது. இதை நான் மாற்றி எழுத மாட்டேன். கிளமெண்டுக்காக ஒருவர் கூட இப்படி ஓடவில்லை.

கனகவல்லி அம்மா கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாராம், வாயில் ஒரு கிளிப்போடு. நாற்பது பேர் ஓடி வருவதைப் பார்த்துத் திகைத்துப் போய், “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாராம். வேதபூஷணம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கை நெஞ்சில் இருந்ததாம். மூச்சு வாங்கியதால்தான். வந்த ஆம்புலன்ஸில் அவரைத்தான் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை.

யாரும் எதிர்பார்க்காதது, திரும்பி வந்து அவர் மீளாய்வுக் கூட்டத்தை நடத்தியது. முகம் சாம்பலாக இருந்தது. வட்டமாக உட்காரச் சொன்னார். விதி விதிதான்.

கன்ட்ரோல் ஆபரேட்டர்தான் எல்லோரிலும் கீழே. என் முறைதான் முதலில். எழுந்து நின்று சொன்னேன்.

“பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகையில் ஆபரேட்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று சார் பாடம் நடத்தினார். அந்த ஆபரேட்டர் நான். சொன்னேன். இன்று எப்படிச் சொன்னேனோ அப்படியே மூன்று முறை சொன்னேன். படகில் இருந்தது என் தம்பி. சாருக்கு விதி தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியும் என்று இன்று எல்லோரும் பார்த்தீர்கள்.”

உட்கார்ந்தேன். அடுத்தடுத்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பலர் “சொல்வதற்கு ஒன்றுமில்லை” என்றார்கள். தாஜும் அதையேதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல். என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை. மெய்யழகன் மட்டும், “அக்கா, உங்க தம்பிக்கு நடந்தது அநியாயம். ஆனா அந்த அம்மா என்ன பண்ணினாங்க? போன வாரம் கூட எங்களுக்கு அதிரசம் குடுத்து அனுப்பினாங்களே” என்றான்.

கடைசியில் அவர். எழுந்திருக்கவில்லை. “ஒத்திகையில் பொய்யாக அந்த வார்த்தையைச் சொன்னது மன்னிக்க முடியாத குற்றம். துறைத் தலைவருக்குத் தெரிவிக்கப்படும். மற்ற விஷயம் எனக்கு நினைவில் இல்லை.”

நினைவில் இல்லை!

ஆனால் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

நாள் முழுக்கத் தூங்கினேன். ஜஸ்டின் குழாயைச் சரி செய்திருக்கிறான்.

நவம்பர் 30, சனி

விசாரணை முடியும்வரை வளாகத்துக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும், அடையாள அட்டையை ஒப்படைக்கப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் கனகவல்லி அம்மா. எனக்காகத்தான் நின்றிருக்கிறார். வாட்ச்மேன் சொல்லியிருப்பான்.

திட்டுவார் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன்.

“உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு” என்றார். “என்னைச் சாகடிச்சுப் பாத்தீங்க. உப்புமா போட்ட கையைப் பத்தி ஒரு நெனப்பு வரல உங்களுக்கு.”

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“அது இருக்கட்டும். அன்னைக்கு அவரு ஓடி வந்தாரே, ஒரு செருப்போட. எனக்கு அழுகையா வந்துடுச்சு. கல்யாணமாகி நாப்பது வருஷம், எனக்காக ஓடி வந்த மனுஷன் இல்ல அவரு. ராத்திரி கேட்டேன். ‘ஏங்க, அந்த வார்த்தையைக் கேட்டா இப்படி ஓடணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அந்தப் பொண்ணு சொன்னப்ப மட்டும் ஏன் ஓடல?’ன்னு.”

“என்ன சொன்னார்?”

“சொல்லல. பேப்பரை எடுத்தாரு. தலைகீழா பிடிச்சிருந்தாரு. மறுபடி கேட்டேன். தினமும் கேக்குறேன். சோறு போடும்போது கேக்குறேன், மாத்திரை எடுத்துக் குடுக்கும்போது கேக்குறேன். பதில் வர்ற வரைக்கும் கேப்பேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பையனுக்குக் குழந்தை உண்டாம்மா?”

“ரெண்டு.”

தலையை ஆட்டினார். பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். கையை நீட்டினாரா, வழி காட்டினாரா தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

இதைத்தான் விரும்பினேன். இவ்வளவு நன்றாக நடக்கும் என்று நினைக்கவே இல்லை. வகுப்பில் அரை மணி நேர அவமானம் என்ன பெரிது? இனி ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அவருக்கு விசாரணை உண்டு. வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். ஜஸ்டின் எதற்கு என்று கேட்கவில்லை. அவன் பங்கு அப்படியே பாத்திரத்தில் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜெனோவாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “அக்கா, நீயா?” என்று அவன் கேட்டதையும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அவரு பொண்டாட்டிய எதுக்கு மைனி இழுத்த? அந்தம்மா கடல்லயா நின்னாவ?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்காகச் செய்தேன்?

கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

இரண்டு விசாரணைகளும் முடிந்துவிட்டன. பல்கலைக்கழகம் படிப்பிலிருந்து நீக்கிவிட்டது. எங்கள் துறையும் தனியாக ஒரு குற்றக் குறிப்பாணை கொடுத்தது. ‘ஒத்திகையின்போது, உண்மை ஆபத்து இல்லாத நிலையில், உண்மை ஆபத்துக்குரிய சொல்லைப் பயன்படுத்தினார்.’ போன தடவை சொல்லவில்லை என்று. இந்தத் தடவை சொன்னேன் என்று. இந்தத் தடவை அவர்கள் எழுதியதில் பிழை இல்லை. மறுப்பு எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அதிகாரி சின்ன வயது. “வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம். தண்டனையைக் குறைச்சுடலாம்” என்றார்.

“வருத்தம் இல்லையே தம்பி.”

ஏப்ரல் 26, சனி

நாலரை மணிக்குத் தாஜ் போனில் கூப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். சொல்லு.”

இரண்டாம் அரையாண்டு ஒத்திகை இன்றாம். பூஷணம்தான் நடத்துகிறார். அந்தப் படகுப் பாடத்தை மட்டும் நவம்பருக்குப் பிறகு யாருக்கும் எடுக்கவில்லையாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லையாம். எனக்கு உள்ளே குபுக்கென்று ஒரு மகிழ்ச்சி. மேலே சொல் என்றேன்.

கன்ட்ரோல் அறையில் ரோஷிணி என்று ஒரு பெண். வகுப்பில் எனக்கு முன்வரிசையில் உட்காருவாள், எப்போதும் கைப்பையில் இன்ஹேலர் வைத்திருப்பாள். மத்தியானம் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. இன்ஹேலர் தீர்ந்து போயிருந்தது. உதடு நீலமாகிவிட்டதாம். கூட இருந்த பையன் மைக்கில் சொல்லியிருக்கிறான். நிஜம், நிஜம், நிஜம்.

“அப்புறம்?”

“யாரும் அசையலக்கா.”

“யாருமேவா?”

“பூஷணம் சார் பின்னாடி ஓரமா உக்காந்திருந்தாரு. அவர் மட்டும் எழுந்தாரு. நாற்காலி கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்க திரும்பினோம். அவர்தான் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினாரு, தூக்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில இருக்கா. இப்போ பரவாயில்ல. கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாங்க.”

நல்ல பெயரையும் அவரே எடுத்துக்கொண்டார் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன்.

“நீங்க எல்லாரும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க தாஜ்? காது கேக்கலையா?”

“கேட்டுச்சுக்கா. சிரிச்சிட்டு இருந்தோம்.”

“எதுக்கு?”

“அந்தப் பையன் சொன்னதும் ஹால்ல ஒரு குரல், ‘பிலோமினா அக்கா மறுபடியும் வந்துட்டாங்கடா’ன்னுச்சு. எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.”

கிரைண்டரில் மாவு பாதியில் நின்றிருந்தது. கையில் ஒட்டியிருந்தது காய ஆரம்பித்திருந்தது.

“யாரு சொன்னது?” என்றேன். “மெய்யழகனா?”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“நான்தான்க்கா” என்றாள் தாஜ்.